ஃபோல்டர் இல்லை

காலை இடியில் மின்சாரம் போய் வந்தது. ஆய்வு மையத்தில் எல்லாக் கணினிகளும் எழுந்தன. எல்லோருடைய கோப்புகளையும் பகிரும் சேவை மட்டும் எழவில்லை.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பங்கேரா அதை மறுபடி இயக்கினான். மறுபடி விழுந்தது.

சர்வர் அறை வாசலில் தவளைகளை ஆராயும் ஹெப்பார் நின்றாள்.

"என்ன பங்கேரா, பூஜை இன்னும் முடியலையா?"

"வருது மேடம்."

"காலையிலேருந்து வருதுங்கறே. எப்பவும் லேட்டா வர்ற குந்தாபுரா பஸ்கூட வந்திருக்கும் மாராயா."

சிரித்தாள். கை மட்டும் கதவை விடவில்லை. மலைச்சரிவின் ஓர் ஓடைக்கரையில் ஆறு மழைக்காலம் உட்கார்ந்து அவள் பதிந்த தவளைக் குரல்கள் அந்த சர்வரில் இருந்தன. லேப்டாப்பில் கொள்ளாது. இந்தக் கோடையில் புது அணையின் மதகுகளை மூடியதும் ஓடை நீருக்குள் போய்விட்டது.

பங்கேரா பிழைச் செய்தியைப் படித்தான். பகிர வேண்டிய ஃபோல்டர் இல்லை. இல்லையென்றால் உண்டாக்குவது அவன் வழக்கம். ஒரு வரிக் கட்டளை அடித்தான். சேவை எழுந்தது.

மாடியில் கை தட்டினார்கள். "பங்கேரா, நீ சாமி மாராயா!"

அவன் தேநீர் குடிக்கப் போனான். திரும்பியபோது ஹெப்பார் தன் லேப்டாப்பைச் சர்வர் அறைக்கே கொண்டுவந்திருந்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

அவன் டிஸ்க்குகளின் பட்டியலைப் பார்த்தான். பெரிய டிஸ்க் அதில் இல்லை. பெட்டியைத் திறந்தான். கருகிய வாடை. ஃபோல்டர் காணாமல் போகவில்லை. அது இருந்த டிஸ்க்கே செத்திருந்தது. அவன் உண்டாக்கியது வெறும் பெயர்.

"பதறாதீங்க மேடம். பின்கட்டடத்துல நகல் இருக்கு. மணிக்கொரு தடவை தானா எடுத்துக்கும்."

சொல்லிக்கொண்டே நகல் இருக்கும் இடத்தைத் திறந்தான். அங்கும் காலி.

"என்ன?"

"இங்க இருக்கறதுதான் அங்க இருக்கும். இங்க அழிச்சா அங்கயும் அழிச்சிடும். பழைய கோப்பெல்லாம் இடத்தை அடைக்குதுன்னு எல்லாரும் சத்தம் போட்டீங்களே, அதுக்காக அப்படி வச்சேன்."

"இங்க யாரும் எதையும் அழிக்கலையே."

"காலையில ஃபோல்டரே இல்ல. நகல் எடுக்க வந்து, பார்த்துட்டு எதையும் தொடாமத் திரும்பிப் போயிருக்கு. நான் காலியா ஒண்ணு உண்டாக்கினேன். எல்லாத்தையும் அழிச்சிட்டோம்னு எடுத்துக்கிட்டு அங்கயும் அழிச்சிடுச்சு."

நகல் வேலையின் கடைசி வரியில் 'வெற்றி' என்று இருந்தது.

"அழிஞ்சத மீட்பாங்களே. பேப்பர்ல வருதே."

"முயற்சி பண்ணலாம்."

"நிஜத்தைச் சொல்லு."

"நகல் இருந்தது புது வகை டிஸ்க் மேடம். அழிச்ச இடத்தை அப்பவே துடைச்சிடும்."

"செத்த டிஸ்க்?"

அவன் அதைக் கையில் கொடுத்தான். ஒரு பக்கம் உருகியிருந்தது.

"மழை இன்னும் இருக்கு," என்றான். "திரும்பப் போய்…"

"எங்க? தண்ணிக்குள்ளயா?"

அவள் டிஸ்க்கை மேசையில் வைத்தாள்.

"நீ அதை உண்டாக்காம இருந்திருந்தா?"

"சேவை எழுந்திருக்காது."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

மாடிப்படியில் யாரோ குனிந்து கத்தினார்கள். "பங்கேரா! எதைச் சேமிச்சாலும் இப்ப பறக்குதே! என்ன பண்ணினே?"

அவன் பெட்டியை மூடத் தொடங்கினான்.

"கேக்கறாங்க பாரு," என்றாள் ஹெப்பார். "சொல்லு."