சாவி எடுத்தியா?

பொறாமை என்பது எனக்கு இல்லாத குணம் என்று நாற்பத்தொரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்ப்பது துணி திருத்தித் தரும் கடையில். என் இரண்டு மாதச் சம்பளம் பெறும் கோட்டு என் மடியில் கிடக்கும், நான் அதன் கை நீளத்தைக் குறைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் 'நமக்கு வாய்க்கவில்லையே' என்று தோன்றியதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வைத்து, கடவுள் என் நாத்தனார் வழியாகக் கொடுத்தார்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரே மகன் எங்கோ தூரத்தில் உத்தியோகத்தில் இருக்கிறான், வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வான். எங்கள் சபையின் ஞாயிறு வகுப்புக்கு அவர்தான் ஆசிரியை. ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளுக்கு ஒரு வசன அட்டை தருவார். கலர் எழுத்து, நாலு மூலையும் வட்டமாக வெட்டி, லேமினேஷன் செய்து. என் மகள் அவற்றை எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி ஒட்டி, அது என்ன நிறம் என்றே எனக்கு மறந்துவிட்டது. பால் எடுக்கப் போனாலும் நாத்தனார்தான் முதலில் கண்ணில் படுவார்.

இதெல்லாம் சும்மா புகைச்சல். நெருப்பு பிடித்தது ஒரு படிவத்தால்.

மகளுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. அவளை வாண்டு என்றுதான் அவள் அப்பா கூப்பிடுவார், இப்போது என் தோளுக்கு வளர்ந்த பிறகும். இந்த வருடம் அவளுக்குத் திடப்படுத்தல். பிள்ளைகள் சபைக்கு முன் நின்று, 'இது என் சொந்த விசுவாசம்' என்று தங்கள் வாயால் சொல்லும் நாள். எங்கள் பாஸ்டர் அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சங்கீதம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்கு ஜெபிக்கக் கற்றுத்தந்தவர் பின்னால் நின்று தோளில் கை வைத்திருப்பார். ஒரே ஒருவர். அது யார் என்று பிள்ளையே எழுதித்தர வேண்டும்.

எனக்குச் சந்தேகமே இல்லை. என் மகளுடைய வெள்ளை உடைக்குத் துணி எடுத்த கையோடு எனக்கும் ஒரு துணி எடுத்து வைத்திருந்தேன். அவள் பின்னால் நிற்கப் போகிறவள் நான் அல்லவா, சபை முழுவதும் பார்க்குமே.

ஒரு சாயங்காலம் அவள் பையில் சாப்பாட்டு டப்பா தேடும்போது படிவம் கையில் வந்தது. 'உனக்கு ஜெபிக்கக் கற்றுத்தந்தவர்' என்ற கேள்விக்கு எதிரே, அவளுடைய குண்டு எழுத்தில், 'அத்தை' என்று இருந்தது.

"இது என்னடி?" என்றேன்.

"படிவம்மா. நாளைக்குக் கொடுக்கணும்."

"அத்தைன்னு எழுதியிருக்க."

"ஆமா. அவங்கதானே சொல்லிக்கொடுத்தாங்க."

"அப்ப நான் தினமும் காலையில உன்கூடச் சொல்றது?"

அவள் உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள். "அது படி இறங்கறதும்மா."

படி இறங்குவதாம். அதை விளக்கிவிடுகிறேன். எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடியதாகச் சரித்திரம் இல்லை. தரை வரைக்கும் எட்டு வரிசைப் படி, மாடிக்கு இரண்டாக. வாண்டுக்கு ஐந்து வயதாக இருந்தபோது படிக்கட்டின் இருட்டுக்குப் பயந்து அழுவாள். தூங்காமல் நம்மைக் காக்கிறவரைப் பற்றி ஒரு சங்கீதம் இருக்கிறது. அதிலும் எட்டே வசனம். ஒரு வரிசைக்கு ஒரு வசனம் என்று இருவரும் சேர்ந்து சொல்லிக்கொண்டே இறங்கப் பழக்கினேன். நாலாவது வசனம் முடியும்போது சரியாக இரண்டாம் மாடி வரும். அங்கே நின்று, "சாவி எடுத்தியா?" என்று கேட்பேன். இரண்டாம் மாடியிலிருந்து திரும்பி ஏறலாம், கீழே போய்விட்டால் யாரால் ஏற முடியும்? அவள் இடுப்போரம் தொங்கும் பையைத் தட்டிப் பார்த்து, "எடுத்தாச்சு" என்பாள். பிறகு ஐந்தாவது வசனம். எட்டு வருடம். மழை, காய்ச்சல், பரீட்சை எதற்கும் நின்றதில்லை. திடப்படுத்தலுக்கு அவள் எடுத்திருந்ததும் அதே சங்கீதம்தான். சொல்லிக்கொடுத்தது மட்டும் அத்தையாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேன் ஓட்டுகிறவர். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கிவிடுவது அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

"அக்கா நிக்கட்டுமே, என்ன இப்ப? யார் நின்னாலும் பிள்ளை நம்ம பிள்ளைதானே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நீ சொல்றது வேற" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு பாஸ்டர் பெற்றோரை உட்காரவைத்துப் பேசினார். பிள்ளையின் விசுவாசத்தை வளர்ப்பது வீடும் சபையும் சேர்ந்து செய்கிற வேலை, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நாத்தனார் குறிப்பே எடுத்தார். ஊட்டுகிறவர் அவர், உண்கிறது என் பிள்ளை, ஆக நான்தான் அந்த ஊரார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆமென் கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு வேலை செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மகள் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே, "கடையில வேலை குவிஞ்சு கிடக்கு, நான் முன்னாடி போறேன்" என்று கிளம்பிவிட்டேன். கடையில் ஒரு வேலையும் குவியவில்லை. ஷட்டர் திறக்கும் வரை வெளியே கால் கடுக்க நின்றேன். கற்றுத்தந்தவள் அத்தை என்றால், படியும் அத்தையோடு இறங்கட்டும்.

மறுநாளும் அப்படியே. மூன்று வாரம் அப்படியே போயிற்று.

ஒரு தடவை, "நானும் வரேன், ரெண்டு நிமிஷம் நில்லும்மா" என்றாள், செருப்பைத் தேடிக்கொண்டே. "பஸ் போயிடும்" என்றேன். அவள் செருப்பு எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக்கூடச் சொல்லவில்லை.

இதற்குள் இன்னொன்று ஆரம்பித்தது. நான் ஆறு மணிக்கு வீடு திரும்பினால் கதவு பூட்டியே இருக்கும். நாலு மணிக்கு வரவேண்டியவள் ஆறேகாலுக்கு வருவாள்.

"எங்க போன?"

"அத்தை வீட்டுக்கு."

முதல் வாரம் ஒரு நாள். இரண்டாவது வாரம் இரண்டு. அடுத்த வாரம் மூன்று. எனக்கு வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல? அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவாள். வசனம் படித்தோம் என்பாள், நாலாவதுக்குப் பிறகு மறந்துபோகிறது, அத்தை அட்டையைக் காட்டினார்கள் என்பாள். எங்கே மறக்கிறது, ஏன் மறக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. லேமினேஷன் போட்ட அட்டை பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளை உடையை மட்டும் பிசகில்லாமல் தைத்தேன். கோபத்தில் தைத்தாலும் என் கை கோணாது. எனக்கென்று எடுத்த துணியை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டேன்.

திடப்படுத்தல் அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஆறு பிள்ளைகள். ஒவ்வொருவரும் வந்து மைக் முன் நின்று சொன்னார்கள். பின்னால் ஒருவருக்கு அப்பா, ஒருவருக்கு அக்கா. நாலாவதாக என் மகள். அவள் பின்னால் நாத்தனார், இளநீல உடையில், என் மகளின் தோளில் கை வைத்து. அந்தத் தோள் தையலை நான் மூன்று தடவை பிரித்துத் தைத்திருந்தேன்.

வாண்டு ஆரம்பித்தாள். முதல் வசனம், இரண்டாவது, மூன்றாவது. நல்ல தெளிவு. நாலாவது முடிந்தது. நின்றாள்.

நாத்தனார் குனிந்து அடுத்த வசனத்தின் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். நாத்தனார் மறுபடி எடுத்துக்கொடுத்தார். ஒன்றும் வரவில்லை.

எனக்கு இனித்தது. பெற்ற தாய் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், இனித்தது. 'நன்றாக வேண்டும், உங்கள் அட்டை எங்கே அண்ணி?' என்று மனம் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும்.

அப்போது மகளின் வலது கை கீழே போனது. இடுப்போரத்தில் எதையோ தேடித் தட்டியது. அங்கே நான் தைத்த வெள்ளைத் துணிதான் இருந்தது. மறுபடி தட்டினாள். அவள் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. ஐந்து வயதில் இருட்டுப் படியில் நின்ற அதே முகம்.

அந்தக் கை எதைத் தேடுகிறது என்று அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சாவி எடுத்தியா?" என்றேன், படிக்கட்டில் கேட்கிற அதே குரலில்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுத்தாச்சு" என்றாள் வாண்டு, மைக்கில். அதே மூச்சில் ஐந்தாவது வசனம் வந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று கடகடவென்று தரை வரைக்கும் இறங்கிவிட்டாள்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. நான் உட்கார்ந்தபோது காது சுட்டது. "என்ன சாவி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எட்டு வருடமாக எங்களுக்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு போகிற மனிதர், பாவம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நாத்தனார் நேராக என்னிடம் வந்தார். கையில் மகளின் கை. சண்டைக்கு நான் தயாராகவே இருந்தேன்.

"மூணு வாரமா அதே இடத்துலதான் நிக்கிறா. நான் ரெண்டு தடவை அதட்டிக்கூட இருக்கேன். உனக்குத் தெரிஞ்சிருக்குல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்கலையே, அண்ணி."

"கேட்டிருக்கணும்தான்" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. "நீ வீட்டுல என்ன பண்றன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. எல்லாம் என் வகுப்புலதான் நடக்குதுன்னு நெனச்சிருக்கேன்."

இப்படி ஒத்துக்கொண்டால் மனுஷி எப்படிச் சண்டை போடுவது? நான் மகளைப் பார்த்தேன். அப்போதுதான் நாத்தனார் அடுத்ததைச் சொன்னார், குறையாக இல்லை, சாதாரணமாக.

"அந்தச் சாவி விஷயத்தையும் கொஞ்சம் பாரு. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சாவியை விட்டுட்டு வந்துடறா. கதவு பூட்டியிருக்குன்னு என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருப்பா, நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும். நீ சொல்லித்தான் வர்றான்னு நெனச்சேன்."

மகள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"திட்டுவ. நீ ஏற்கெனவே கோவமா இருந்த" என்றாள். பிறகு, "படியில வசனம் தானா வந்துடும்மா, தனியாச் சொல்லிட்டுத்தான் போனேன். சாவி மட்டும் ஞாபகம் வரல. அதை நீதானே கேப்ப."

பிள்ளை அத்தை வீட்டிலேயே கிடக்கிறாள் என்று நான் எரிந்த ஒவ்வொரு சாயங்காலமும் அவளை அங்கே அனுப்பியது நான்தான்.

திங்கட்கிழமை காலை அவள் செருப்பு போடும் வரை நின்றேன். சேர்ந்து இறங்கினோம். இரண்டாம் மாடியில் கேட்டேன், பையைத் தட்டினாள், மீதிப் படியும் இறங்கினோம். அவள் பஸ் ஏறியதும் நான் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுக்காரரிடம் போய் இன்னொரு சாவி செய்யச் சொன்னேன். சாயங்காலம் அதை நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"மறந்துட்டு வந்தா வாசல்ல உக்கார வேண்டாம்" என்றேன். "பூட்டு கொஞ்சம் இறுகும். கதவை உங்க பக்கம் இழுத்துப் பிடிச்சுத் திருப்பணும், அண்ணி."

அவர் கையை நீட்டினார். கொடுக்கும்போது என் விரல் அந்தச் சாவியை உடனே விடவில்லை. அவரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவசரப்படாமல், நான் விடும் வரைக்கும் கையை நீட்டியபடியே நின்றார்.