முப்பத்தொன்பது டிகிரி

விடியற்காலை ஐந்தரைக்கே கம்பி சுட்டது. நேற்றைய வெயில் இன்னும் அதில் மிச்சமிருந்தது. சித்தாள் பழந்துணியை மடித்துத் தோளில் போட்டு ஒரு முனையை ஏற்றினாள். மறுமுனையில் அவள் நாத்தனார். நான்காவது மாடிக்கு எழுபத்திரண்டு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று.

போன கோடையில் கொத்தனார் ஒருவர் வெயிலில் சுருண்டு செத்தார். மூன்று நாள் வேலையை நிறுத்தி எழுதி வாங்கினார்கள்: நாற்பது டிகிரியைத் தொட்டால் பன்னிரண்டிலிருந்து நாலுவரை வேலை இல்லை. முதலாளி பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போட்டார். தெர்மாமீட்டரும் வாங்கினார். அதைத் தன் அறை வாசலில், கூலர் காற்று படும் இடத்தில் மாட்டினார்.

மாதம் முழுக்க அது ஒழுக்கமாக நடந்துகொண்டது. முதல் வாரம் புழுதிக்காற்று, முப்பத்தேழு. இரண்டாம் வாரம் மேகம் திரண்டு, ஊரை வேகவைத்துவிட்டு, ஒரு சொட்டு விடாமல் கலைந்தது, முப்பத்தெட்டு. மூன்றாம் வாரம் காற்றே நின்றது. தார் உருகிச் செருப்பைப் பிடித்தது, முப்பத்தொன்பது. நான்காம் வாரமும் அதேதான்.

"வெயிலுக்கும் மொதலாளின்னா பயம் போல," என்றார் கம்பி கட்டுபவர். "வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் வருது."

அன்று ஒரு மணிக்கு, ஐம்பதாவது படியில், தோள் கம்பி சட்டென்று கனத்தது. சித்தாள் திரும்புவதற்குள் நாத்தனார் சரிந்திருந்தாள். சுவர்ப்பக்கம் விழுந்ததால் உயிர் இருந்தது. உடம்பு கொதித்தது, வியர்வை இல்லை. நாத்தனாரை அவள் புருஷன் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் போனான்.

முதலாளி வாசல்வரை வந்தார்.

"தண்ணி குடிச்சிருக்க மாட்டா. உங்களுக்கெல்லாம் உடம்பைப் பார்த்துக்கத் தெரியாது." தெர்மாமீட்டரைத் தட்டிக் காட்டினார். "முப்பத்தொன்பது. விதி நீங்க கேட்டதுதானே?"

"நாங்க கேட்டதுதான்," என்றாள் கூடவே இறங்கி வந்திருந்த சித்தாள்.

"அப்ப மேல போங்க."

சித்தாள் கையை நீட்டித் தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். அதன் முதுகு சுடவில்லை. அந்தக் கட்டடத்தில் இந்த மாதம் அவள் தொட்டதில் சுடாத ஒரே பொருள். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இவ்வளவு சின்னத் திருட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏய், அது ஆபீஸ் சாமான்."

"மேல போகச் சொன்னீங்களே. இதுவும் ஒருநாள் வேலைக்கு வரட்டும்."

"வெயில்ல வெச்சா ஏறத்தானே செய்யும்."

"நாங்களும் வெயில்லதான் நிக்கிறோம், மொதலாளி."

நான்காவது மாடியில் கம்பி கட்டுபவர் அதைத் தூண்கம்பியில் இறுக்கிக் கட்டினார். வேலையில் மிச்சமிருந்த முப்பத்தோரு பேரும் கருவியைக் கீழே வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் ஒடுங்கிய நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"நான் பார்க்காம செல்லாது," கீழிருந்து குரல் வந்தது.

"வந்து பாருங்க. எழுபத்திரண்டு படிதான்."

முதலாளி ஒரு காலை வெயிலில் வைத்தார். எடுத்துக்கொண்டார். மேஸ்திரியை அனுப்பினார்.

இருபது வருஷம் முதலாளியின் குரலாகவே இருந்த மேஸ்திரி, மூச்சிரைக்க ஏறி வந்து, நெற்றியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவுண்ணே?" என்றாள் சித்தாள்.

"நாற்பத்தாறு."

"சத்தமா சொல்லுங்க. அவருக்குக் கேட்கணும்."

மேஸ்திரி கைப்பிடியில்லாத விளிம்புவரை போய், கீழே பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு நீ வரவேண்டாம்," என்று பதில் வந்தது. "ஒருத்தரும் வரவேண்டாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி மட்டும் இன்னும் வெயிலில் நின்றார். இருந்த நிழல் கொஞ்சம்தான். சித்தாள் நகர்ந்தாள், அடுத்தவர் நகர்ந்தார், வரிசை முழுக்க நகர்ந்து, ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.