கொழும்புக் கடைப் பங்கு

கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு எழுதி வைத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேற வேண்டும். சங்கு வியாபாரி வாவு முகம்மதுவும் ஒரே மகள் மஜீதாவுக்கு மாடி வீடாகவே எழுதிக்கொடுத்து, சுஐபைக் கொண்டுவந்து சேர்த்தார்.

சுஐபு உப்பூர்ப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் வாத்தியார். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து அந்த ஊருக்குக் கிடைத்த ஓராசிரியர் பள்ளி. லீவுக்குத்தான் வீடு வருவான்.

பெருநாளுக்கு மறுநாள் மாமனார் பேச்சை எடுத்தார். தன் கொழும்புக் கடையில் மருமகனுக்குப் பாதிப் பங்கு. முதலாளியாகக் கல்லாவில் உட்காரலாம்.

“வேண்டாம் மாமா. நான் வந்துட்டா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க. பிள்ளைக திரும்ப உப்பளத்துக்குத்தான் போகும்” என்றான் சுஐபு.

“அப்ப இந்த வீட்டுப் படி ஏறாதீங்க.”

சுஐபு அறைக்குள் போய்ச் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினான். மஜீதாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பாதிப் பங்கு என்றதும் அவளுக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இந்த மனுஷன் வாய் ஓயாமல் பேசுவதே அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். அந்த வாயை அடைத்துக் கல்லாவில் உட்கார வைத்து யாருக்கு என்ன லாபம்?

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“வாப்பா, இந்த வீட்ட யாரு பேருல எழுதுனீங்க?”

ஊரைக் கூட்டித் தானே எழுதிக் கொடுத்ததை மனுஷர் கோபத்தில் மறந்தே போயிருந்தார்.

“உன் பேருலதான்.”

“அப்ப இங்கன யாரு படி ஏறணும்னு நான்தான சொல்லணும்.”

வாவு முகம்மதுவுக்கு முகம் சிவந்தது. “சரி, வீடு உன்னுது. இனிமே அரிசி, பருப்புன்னு நான் எதையும் அனுப்ப மாட்டேன். வாத்தியாரு சம்பளத்துல மாடிக்குச் சுண்ணாம்புகூட அடிக்க முடியாது.”

“அடிக்காமக் கெடக்கட்டும் வாப்பா.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மஜீதாவுக்கு அழுகை முட்டியது. அவளை ஒரு நாளும் அதட்டாத வாப்பா.

அறையில் சுஐபு முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். “நீயும் என் கட்சியில சேந்துட்ட.”

“ஒண்ணும் சேரல. அவரு தாரேன்னாரு, நீங்க வேண்டாம்னீங்க. ரெண்டு பேருல ஒருத்தராச்சும் என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவன் சிரிப்பு அடங்கியது.

“கேட்டிருந்தா ஒரு பாட்டம் அழுதுட்டு, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன் மச்சான். அதச் சொல்லக்கூட எனக்கு விட்டு வைக்கலையே நீங்க.”