வலிக்காத புண்

கல்யாணப் பெண்ணின் முகத்தில் முதன்முதலாக நூல் போட்டு முடி எடுக்க, காபூலில் எங்கள் தெருவில் ஷகீபாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் எந்த முகமும் பளிச்சென்று ஆகிவிடும். அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் நாணயம் அளவுக்கு ஒரு பள்ளம். பத்து வயதில் வந்து, ஆற ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட ‘வருஷப் புண்’ விட்டுப்போன தழும்பு அது. அதைப் பார்த்ததுமே, பெண் கேட்டு வந்தவர்கள் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்துபோவார்கள்.

கடைசியாக வந்த குடும்பம் எழுந்துபோகவில்லை. தேநீர் கொண்டுவந்த தங்கை நிலாபை நிச்சயம் செய்துவிட்டுப் போனது. ஷகீபா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். உள்ளே வயிறு எரிந்தது.

மறுவாரம் நிலாப் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மூக்கோரத்தில் சின்னதாகச் சிவந்த கட்டி.

"வலிக்குதா?"

"இல்லக்கா. அரிக்கவும் இல்ல."

ஷகீபாவுக்குப் புரிந்துவிட்டது. கொசுக்கடி என்றால் அரிக்கும், பரு என்றால் வலிக்கும். வருஷப் புண்தான் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். தழும்பு விழுந்தால் இந்தச் சம்பந்தமும் எழுந்துபோய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"கொசு கடிச்சிருக்கும். பவுடர் போட்டுக்கோ" என்றாள். அந்த நேரத்தில் அவள் மனம் குளிர்ந்தது என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

ஆறு வாரத்தில் கட்டி நடுவில் குழிந்து, ஓரம் தடித்தது. ஒருத்தி பூண்டை அரைத்து வைக்கச் சொன்னாள், இன்னொருத்தி சாம்பல் பூசச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டபோது நிலாப் மறுத்துவிட்டாள்.

"ஊர்ல எல்லார் முகத்தையும் பாக்கறவ எங்கக்கா. அவளே ஒண்ணுமில்லன்னுட்டா. அவளுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போகுது?"

அடுத்த அறையில் ஷகீபாவின் பல்லிடுக்கில் இருந்த நூல் அறுந்தது. அவள் பாதி முடித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தார். வருஷப் புண்தான், கொசுவைவிடச் சின்னதான மணல் ஈ கடித்துப் பரவும் கிருமியால் வருவது என்றார். வாரம் ஒருமுறை புண்ணைச் சுற்றி ஊசி போடவேண்டும், வீட்டில் எல்லோரும் கொசுவலைக்குள் தூங்கவேண்டும் என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அடையாளம் தெரியாமல் ஆற்றியிருக்கலாமே, கொசுக்கடி என்று சொன்னது யார் என்று கேட்டார்.

"நான்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றாள் ஷகீபா. "இவளுக்குக் கல்யாணம் ஆகறது எனக்குப் பொறுக்கல."

நிலாப் அக்காவின் கையை விட்டாள். ஊசி இறங்கியபோது கட்டில் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள். அடுத்து வந்த ஏழு வாரமும் பேருந்தில் இருவரும் தனித்தனி இருக்கையில்தான் போய்வந்தார்கள்.

புண் ஆறியது. மூக்கோரத்தில் நகக்கீறல் போல ஒரு தடம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்தார்கள், தேநீரையும் குடித்து முடித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் நிலாப் அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்து முகத்தை நீட்டினாள். ஷகீபா நூலை விரலில் சுற்றி, மறுபடி பிரித்தாள்.

"போடுக்கா" என்றாள் நிலாப். "என் புண்ணு ஆறிடுச்சு. நீ தெரிஞ்சும் மறைச்சியே, அது ஆற நாளாகும். வலிக்கலன்னு விட்ட புண்ணும், வெளிய சொல்லாத பொறாமையும் முகத்தத் தின்னுட்டுத்தான் போகும். இனிமே இங்க வந்து உக்கார்ற யார் முகத்துல இந்தப் புண்ணப் பாத்தாலும், நூலக் கீழ வச்சிட்டு மொதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."