நிரம்பாத மூட்டை

கொதிகலன் வெடித்துச் செத்தது அண்ணன். எரிபொருள் வால்வை அவன் மூடாததுதான் காரணம் என்று பழியையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டது ஆலை. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்! அவன் மூடினானா இல்லையா என்பது, கொதிகலனில் நடப்பதை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவுப் பெட்டிக்குள் இருந்தது; அதுவும் கருகிப்போயிருந்தது. தங்கை சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பவள். கெஞ்சிக் கூத்தாடி அதைத் தன் பட்டறைக்கு வாங்கி வந்தாள்.

பெட்டிக்குள்ளிருந்த போர்டுக்கு இன்னும் உயிர் இருந்தது, அற்ப உயிர். மின்சாரம் கொடுத்தால் நாலு நிமிடம் தாங்கும், பிறகு தீய்ந்துவிடும். பதிவைக் கணினிக்கு அனுப்பும் யுஎஸ்பி சிப்போ சரியான சோம்பேறி. ஒவ்வொரு வரியாகத்தான் கொடுக்கும்; முழுப் பதிவும் வெளியே வர நாற்பது நிமிடம் பிடிக்கும்.

அதே மாதிரி வேறொரு பெட்டியை வைத்து மூன்று நாள் மல்லுக்கட்டினாள். வரிகளைப் பெரிய மூட்டையாகக் கட்டி அனுப்பும்படி சிப்பை மாற்றினாள். மூட்டை நிரம்பாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருப்பதை அனுப்புவது அதன் வழக்கம். வேகத்துக்காக அந்த வழக்கத்தையும் நிறுத்தினாள். நாற்பது நிமிடம் மூன்று நிமிடமானது. சோதனைப் பெட்டியில் எல்லா மூட்டையும் மிச்சமில்லாமல் நிரம்பியதால் தவறு கண்ணில் படவில்லை. பாவி மகள், பூரித்துப்போனாள்.

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கருகிய பெட்டியை இணைத்தாள். எண்கள் மடமடவென்று திரையில் கொட்டின. அழுத்தம் ஏறியது, அபாய மணி அடித்தது, அதோடு நின்றது. வால்வு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வரி வரும் என்று கிட்டத்தட்ட ஒரு நிமிடம் காத்த பிறகுதான் தங்கைக்கு உறைத்தது. மிச்ச வரிகள் சிப்புக்குள்ளேயே, பாதி மூட்டையாக, நிரம்புவதற்குக் காத்துக் கிடந்தன. நிறுத்தியதைத் திரும்பப் போட விசைப்பலகைக்குப் பாய்ந்தாள். நாலு எழுத்து தட்டுவதற்குள் தீய்ந்த நாற்றம் அடித்தது, விளக்கு அணைந்தது. இருப்பதை அனுப்பும் அந்த வழக்கத்தை மட்டும் நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்தக் கடைசி வரிகளும் வந்து சேர்ந்திருக்கும். தன் கையாலேயே கெடுத்துவிட்டாள்.

"மூடினாராம்மா?" என்றாள் அண்ணி.

"மூடிட்டாரு அண்ணி."

அண்ணி முந்தானையில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த எடத்தை மட்டும் ஒரு பேப்பர்ல எடுத்துக் குடு. இப்பவே கொண்டுபோய் அவனுங்க மேசையில வெக்கிறேன்."