மெல்போர்னுக்கு மூன்று கிலோ

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் குப்புராஜின் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள்:

குப்புராஜ், உரிமையாளன். அப்பா விற்ற நிலத்துக் காசில் ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவன், நான்குதான் ஓடும். தனசேகர், கால் சென்டரின் நைட் ஷிஃப்டை எட்டாவது மாதத்தில் உதறிவிட்டு, மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரே கதி என்று கிடப்பவன். அஞ்சலி, கோவளத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அவளுடைய அம்மா அங்காளம்மா, மார்க்கெட்டில் மீனை விற்றுத் தீர்த்துவிட்டுக் காலிக் கூடையும் தராசுமாக வந்தவள். பிறகு, வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைத்து மேஜைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பார்சல். அதையும் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பன்னிரண்டு பைகள். கிழிந்துபோன நைலான் வலைகளைக் கழுவி, வெட்டி, அஞ்சலி பின்னியவை. பச்சையும் நீலமும். பொத்தானுக்குப் பதில் வலையில் கட்டும் மிதவை. உட்புறம் ஜாக்கெட் துணியில் ஒரு சுருக்குப்பை. கோவளத்தில் அவற்றை ஒருவரும் சீந்தவில்லை. தனசேகர்தான் ஒரு பையைப் படகில் தொங்கவிட்டுப் படம் பிடித்து, வெளிநாட்டு வெப்சைட் ஒன்றில் விற்பனைக்குப் போட்டான். இரண்டு மாதம் நாதியில்லை. போன திங்கட்கிழமை, மெல்போர்னில் கடை வைத்திருக்கும் ஒருத்தி ஒரேயடியாகப் பன்னிரண்டு கேட்டாள்.

அவள் போட்ட நிபந்தனைகள் இரண்டு. சனிக்கிழமைக்குள் தபாலில் போட்டு ரசீது நம்பர் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் ரத்து. அடுத்தது, பார்சலில் பழம், விதை, இலை எதுவும் இருக்கக் கூடாது. வேறெங்கிருந்தோ அவளுக்கு வந்த பொம்மைகளை, சுற்றியிருந்த வைக்கோலுக்காகவே அவள் ஊர் அதிகாரிகள் கொளுத்திவிட்டார்களாம்.

அஞ்சலிக்கு வீட்டிலும் ஒரு கெடு இருந்தது. "பார்சல் போச்சுன்னா உன் இஷ்டம். போவலன்னா திங்கக்கெழம ஒரகடம் கம்பெனி வேன்ல ஏறிடணும்" என்று அங்காளம்மா சொல்லியிருந்தாள். அஞ்சலியும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். அந்தக் கம்பெனியை அவள் ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறாள். எட்டு மணி நேரம் நின்றபடி ஒயரில் கிளிப் மாட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவளோடு பேசக் கூடாது.

"ஃபாரத்துல மூணு கிலோன்னு போட்டிருக்கேன்" என்றான் தனசேகர். "எதுக்கும் இன்னொரு தடவை நிறுத்துடலாம். அக்கா, உங்க தராசைக் குடுங்க."

அங்காளம்மா ஸ்பிரிங் தராசின் கொக்கியில் பார்சலை மாட்டித் தூக்கினாள். முள் மூன்றரையில் போய் நின்றது.

"நேத்து மளிகைக் கடை மெஷின்ல துணியோட சேர்த்து மூணுதானே இருந்தது?" என்றான் தனசேகர்.

குப்புராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "இந்தத் தராசுலதான் போன வாரம் எனக்கு வஞ்சிரம் நிறுத்தியா, அக்கா? அரைக் கிலோ ஏத்திக் காட்டுது. ரெண்டு கிலோ துன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன்."

"வாய மூடு. இருவது வருசமா மார்க்கெட்ல குந்திகினு கீறேன். ஒருத்தன் ஒரு வார்த்த கேட்டதில்ல."

"கேட்டா உன் வாய்ல எவன் வுயறது?"

"என் தராசு கரீட்டா கீதுடா, பேமானி! அது எலுமிச்சம்பயம் வெயிட்டு!"

அஞ்சலி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னா எலுமிச்சம்பயம்?" என்றாள் அஞ்சலி.

அங்காளம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "புதுப் படகு எறங்கசொல்ல மொகப்புல வெக்க மாட்டமா? இதுவும் கடல் தாண்டித்தான போவுது. ராத்திரி நீ தூங்கசொல்ல சுருக்குப்பைல போட்டேன்."

"ஒரு எலுமிச்சம்பழம் அரைக் கிலோவா?" என்றான் தனசேகர்.

"எத்தினி வெச்ச?" அஞ்சலியின் குரல் எகிறியது.

"பன்னெண்டு. ஒரு பைக்கு வெச்சி மத்ததுக்கு வெக்காம வுட்டா நல்லாவா கீது?"

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. போஸ்ட் ஆபீஸில் பார்சல் கவுண்டர் ஒரு மணிக்கு மூடிவிடும்.

"அப்படியே போட்டுடு" என்றான் குப்புராஜ். "எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்?"

"பாத்தா எரிச்சிடுவாங்கண்ணா." தனசேகரின் மேஜையிலிருந்து பிளேடை எடுத்து அஞ்சலி துணியைக் கிழித்தாள். காலையில் டெய்லர் அரை மணி நேரம் தைத்த தையல் ஒரே இழுப்பில் போனது. பைகள் மேஜையெங்கும் சரிந்தன. நால்வரும் சுருக்குப்பைகளைத் துழாவினார்கள். மஞ்சள் மஞ்சளாகப் பழங்கள் கீபோர்டின்மேல் உருண்டன.

"பதினொண்ணு" என்றான் தனசேகர்.

"பன்னெண்டு வெச்சேன். கடலாத்தா மேல சத்தியம்."

மறுபடி பன்னிரண்டு பையையும் உதறினார்கள். வலைமடிப்பில் விரல் விட்டுத் தடவினார்கள். மேஜைக்கடியில் தவழ்ந்தார்கள். ஐந்து நிமிடம் போயிற்று. அஞ்சலி நிமிர்ந்தபோது குப்புராஜ் ஓரமாக நின்று, டம்ளர் தண்ணீரில் எதையோ பிழிந்துகொண்டிருந்தான்.

"இன்னா மொறைக்கற? பேஜாரா இருந்தது, ஜூஸ் போட்டேன்."

"தூ! வெளங்குவியா நீ?" என்றாள் அங்காளம்மா.

டெய்லர் கடை பூட்டிக் கிடந்தது. தனசேகர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, அந்த வேகத்திலேயே திரும்பி வந்தான். அதற்குள் அஞ்சலி தன் பையிலிருந்து வலை பின்னும் ஊசியும் நைலான் கயிறும் எடுத்திருந்தாள். "ம்மா, அந்தப் பக்கத்துலேர்ந்து நீ வா."

அங்காளம்மா கூடைப் பின்னலில் செருகியிருந்த ஊசி ஒன்றை உருவினாள். இரண்டு முனையிலிருந்தும் தையல் ஓடி வந்தது. துணி தைப்பவர்கள் அப்படித் தைக்க மாட்டார்கள். அது சுறா இழுத்தாலும் விடாத வலைமுடிச்சு. நடுவில் இருவர் விரலும் முட்டிக்கொண்டபோது மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. தனசேகர் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, மூட்டுக்கு மூட்டு சொட்டவிட்டான். கையைச் சுட்டுக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னான். தராசில் மாட்டினார்கள். முள் மூன்றில் போய் நின்றது.

"பாத்தியாடா?" என்று அங்காளம்மா குப்புராஜைப் பார்த்தாள்.

"சரி அக்கா, தராசு கரெக்ட்டுதான். அஞ்சலி, ஏறும்மா வண்டில."

"ரசீது நம்பரைக் குப்புராஜ் செல்லுலேர்ந்து சொல்லு" என்று தனசேகர் பின்னாலிருந்து கத்தினான். "நான் இங்கேயே உக்காந்திருக்கேன். உடனே அடிச்சு அனுப்பிடறேன்!"

குப்புராஜுக்குக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியாது; பைக் ஓட்டத் தெரியும். பூக்கடைக்கும் நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்தான். ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் அவன் பரம்பரையையே வைதான். பார்சலைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலிக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

போஸ்ட் ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவில் கை வைத்திருந்தார்.

"டைம் ஆச்சும்மா. திங்கக்கெழம வா."

"திங்கக்கெழம வேன் வந்துடும் சார்!"

எந்த வேன் என்று அவருக்குப் புரியவில்லை. அதை அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பார்சல் கதவிடுக்கில் நுழைந்துவிட்டது. கதவு அதன்மேல் முட்டி நின்றது. முடிச்சு ஒன்றுகூட அசையவில்லை.

உள்ளே கவுண்டரில் இருந்த யக்ஞநாராயணன் கண்ணாடியை மூக்கில் இறக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்சலைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கேய்யா. எங்கம்மா போகுது அது?"

"மெல்போர்ன் சார்!"

"அந்தப் பொண்ணை உள்ள விட்டுட்டுப் பூட்டு. இன்னிக்கு இதுதான் கடைசிப் பார்சல்."

அஞ்சலி பார்சலோடு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. வாட்ச்மேன் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.