மஞ்சள் கதவுக்கு அபராதம்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் கட்ட வேண்டிய அபராதம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். என் வீட்டுக் கதவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தேன், அதுதான் குற்றம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஆலைத் தொழிலாளிகளுக்கென்று திட்டம் போட்டுக் கட்டிய தோட்டக் குடியிருப்பு இது. மூட்டை சுமக்கிறவனுக்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு மரம் வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். இதை இடித்து அடுக்குமாடி கட்ட வந்தவர்களை விரட்டியது சங்கம்தான். வேலிச்செடி இடுப்பளவு, கதவு பச்சை, எதையும் மாற்றக் கூடாது. எனக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் என் மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. எல்லாக் கதவும் ஒரே பச்சை என்றால் அவள் எதைப் பார்த்து வீடு வந்து சேர்வாள்? அடிக்கடி பக்கத்துத் தையல்காரம்மா வீட்டுக்குள் போய் நுழைந்துவிடுவாள். ஒருநாள் இன்னும் தள்ளிப் பெரிய சாலைக்கே போய்விட்டால்? வேலைக்குப் போய் மூட்டையைத் தூக்கினாலும் நினைப்பு அதிலேயே இருந்தது. மஞ்சள் மட்டும் அவள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அடித்துவிட்டேன்.

செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். "உங்க கஷ்டம் புரியுதுங்க. உங்களை விட்டா நாளைக்கு இன்னொருத்தர் ரோஸ் அடிப்பாரு. புகார் வேற வந்திருக்கு."

"யாரு சார் குடுத்தது?"

"நான்தான்," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா.

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணோம்?"

"கதவு மஞ்சளானதுலேர்ந்து உங்க வீட்டம்மா என் பக்கம் தலை காட்டல. முன்னெல்லாம் தப்பா நுழைஞ்சு, உக்காந்து, 'ஐயோ நம்ம வீடு இல்லையே'னு சிரிச்சு, டீ குடிச்சிட்டுத்தான் போவா. இப்ப நான் மிஷினோட பேசிட்டிருக்கேன்."

என் மனைவி வாசலுக்கு வந்தாள். "சும்மா வந்தா உங்க வேலை கெடுமேன்னு இருந்தேன் அக்கா. தப்பி வந்தா யாரும் கேக்க முடியாதுல்ல."

"போடி இவளே. இனிமே வெளிய போறதுன்னா என்னையும் கூப்பிடு. ரெண்டு பேரும் சேந்து வழி தப்பலாம்."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. கதவு பழையபடியே இருக்கட்டும் என்று நான் கொல்லைக்குப் போய்ப் பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்து வந்தேன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அபராதம்..."

"புகார் குடுத்தவ நான். பாதி என்னோடது," என்று தையல்காரம்மா பணத்தை நீட்டினார். மீதியை நான் வைத்தேன்.

"ரசீது யார் பேர்ல போடட்டும்?"

"ரெண்டு வீட்டுக்கும் சேத்துப் போடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு கதவெண்ணையும் எழுதி, 'பாக்கி இல்லை' என்று முத்திரை குத்திக் கிழித்துக் கொடுத்தார்.